ஆஃப்ரிக்வில்லும் நிலப் பத்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஃப்ரிக்வில் எங்கே இருந்தது?

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகரான ஹாலிஃபாக்ஸின் வடக்கு ஓரத்தில் இருந்தது. பெட்ஃபோர்டு பேசின் என்ற உள்விரிகுடாவைப் பார்த்த சரிவில் வீடுகள். கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே கட்டி, தாங்களே நடத்திய ஊர். 1848இல் வில்லியம் பிரவுன், வில்லியம் ஆர்னால்டு என்ற இருவர் அங்கே நிலம் வாங்கியதே பதிவில் கிடைக்கும் முதல் கிரயம். அடுத்த ஆண்டே தேவாலயம் எழுந்தது. பிற்காலத்தில் அதற்கு சீவியூ ஐக்கிய பாப்டிஸ்டு தேவாலயம் என்று பெயர். 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 80 குடும்பங்கள், 400 பேர் இருந்தார்கள். 1970 ஜனவரியில் கடைசி வீடும் இடிக்கப்பட்டது.

ஊருக்குள் ஊர்களும் இருந்தன. தண்டவாளத்தின் வளைவைத் தாண்டிய பகுதி 'வளைவுக்கு அப்பால்'. இன்னொரு பகுதி 'பெரிய டவுன்'. டிப்பியின் குளம் என்ற இடத்தில் பிள்ளைகள் நீந்தினார்கள். ஈஸ்டர் ஞாயிறு விடியலில் தேவாலயத்தில் ஆராதனை. ஞானஸ்நானம் பெறுபவர்கள் வெள்ளுடையில் இறங்கி விரிகுடாவின் குளிர்ந்த தண்ணீருக்குள் நடந்தார்கள். அதைப் பார்க்க ஹாலிஃபாக்ஸிலிருந்து வெள்ளையர்களும் வந்து நிற்பார்கள். உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் டிக்ஸன் 1870இல் இங்கேதான் பிறந்தார். பின்னாளில் கனடா முழுதும் அறிந்த பாடகியான போர்ஷியா வைட் இந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தார்.

அங்கே வாழ்ந்தவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?

பெரும்பாலும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812 போரின்போது அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பி பிரிட்டிஷ் கப்பல்களில் வந்த அகதிகளின் வழியினர். அப்படி நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 2000 பேர். அவர்களுக்கு முன்பே, 1783 முதல் 1785 வரை, அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டன் பக்கம் நின்ற கறுப்பினத்தவர் சுமார் 3000 பேர் வந்திருந்தார்கள். 'விடுதலையும் நிலமும் தருகிறோம்' என்பது பிரிட்டன் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. விடுதலை கிடைத்தது. நிலம் தாமதமாக வந்தது, குறைவாக வந்தது, பலருக்கு வரவே இல்லை. 1792இல் அவர்களில் 1190 பேர் அளவில் 15 கப்பல்களில் ஏறி சியரா லியோனுக்குப் போய்விட்டதற்கு அது முக்கியக் காரணம். 1796இல் ஜமைக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த மரூன் மக்களில் (அடிமைத்தனத்திலிருந்து தப்பித் தனியே வாழ்ந்தவர்களின் வழியினர்) பெரும்பாலோரும் 1800இல் அங்கேயே போனார்கள்.

தங்கியவர்கள் உருவாக்கிய ஊர்கள் நோவா ஸ்கோஷியா முழுதும் இருக்கின்றன. 52 வரலாற்று ஊர்கள் என்று கணக்குச் சொல்வது வழக்கம். நார்த் பிரெஸ்டன், ஈஸ்ட் பிரெஸ்டன், செர்ரி புரூக், அப்பர் ஹாமண்ட்ஸ் பிளெயின்ஸ் ஆகியவை இன்றும் மக்கள் வாழும் ஊர்கள்.

அது சுகாதாரம் இல்லாத ஸ்லம், அதனால்தான் இடித்தார்கள் என்கிறார்களே?

குப்பைமேடு அங்கே இருந்தது உண்மை. அதைக் கொண்டுவந்து வைத்தது நகராட்சி. கால வரிசையாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1850களில் ஊரின் நடுவே ரயில் பாதை போடப்பட்டது. அதே பத்தாண்டில் அருகே சிறைச்சாலை கட்டினார்கள். நகரத்து மலக்கழிவைக் கொட்டும் குழிகளையும் அங்கே நகர்த்தினார்கள். 1870களில் தொற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1947இல் அந்த நிலம் தொழிற்பகுதியாக மாற்றப்பட்டது. 1950களில் நகரத்தின் திறந்தவெளிக் குப்பைக்கிடங்கு வந்தது. வீடுகளிலிருந்து அதற்கு 350 அடி தூரம்தான்.

இத்தனையும் கொண்டுவந்த நகரம் குடிநீர்க் குழாய் போடவில்லை, சாக்கடை போடவில்லை, சாலைக்குத் தார் போடவில்லை. கேட்டு மனு மேல் மனு போட்டும் பயனில்லை. கிணற்றருகே இருந்த அறிவிப்புப் பலகை, குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்தவும் என்றது. அந்தப் பலகையின் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஒரு மாநகரத்தின் எல்லைக்குள், வரி கட்டிக்கொண்டிருந்தவர்களின் கிணறு அது.

ஆகவே 'சுகாதாரக் கேடு' என்ற சொல்லை ஏற்கும் முன் அந்தக் கேட்டை யார் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஊரைச் சேர்ந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருவது இதைத்தான்: முதலில் வசதிகளை மறுத்தார்கள், பிறகு வசதி இல்லாததையே இடிப்பதற்குக் காரணம் ஆக்கினார்கள்.

இடித்தது எப்படி நடந்தது?

ஒரே நாளில் புல்டோசர் வந்து எல்லாவற்றையும் வாரிப் போகவில்லை. 1964 ஜனவரியில் நகர மன்றம் இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. பெரும்பாலான வீடுகளை நகராட்சி கட்டாயக் கையகப்படுத்தலால் எடுக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமாக உட்காரவைத்துப் பேசி வாங்கியது. இந்த வழிமுறையைக் கவனிக்க வேண்டும். ஊர் முழுதும் சேர்ந்து பேரம் பேசினால் விலை ஒன்றாக இருக்கும், வெளியிலிருந்து வழக்கறிஞர் வைக்கலாம், புதிய இடத்திலும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கேட்கலாம். தனித்தனியாகப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு ஒப்புக்கொண்டார் என்பதே தெரியாது. ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டதும் வீடு இடிக்கப்படும். சுற்றிலும் இடிபாடு பெருகப் பெருக, மிச்சம் இருப்பவர்களின் உறுதி தளரும்.

பலருடைய சாமான்களை ஏற்றிப் போக வந்தவை நகராட்சியின் குப்பை லாரிகள். 1967 நவம்பரில் தேவாலயத்தை இரவோடு இரவாக இடித்தார்கள். இன்றும் அந்தக் குடும்பங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறப்பதில்லை. கடைசியாக நின்றவர் 'பா' என்று ஊரே அழைத்த ஆரன் கார்வரி. அவரை அலுவலகத்துக்கு அழைத்து, பெட்டி நிறையப் பணத்தைத் திறந்து காட்டினார்கள். அந்தப் பணத்துக்கு அவர் மயங்கவில்லை. ஆனாலும் அவர் போக வேண்டியதாயிற்று.

எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?

சட்டப்படி பத்திரம் காட்டியவர்களுக்கு நிலம், வீட்டின் மதிப்பீட்டுக்கு ஏற்ப ஒரு விலை. பத்திரம் காட்ட முடியாதவர்களுக்கு 500 டாலர். அதற்கு நகராட்சி வைத்த பெயர் 'தார்மீக உரிமைத் தொகை'. சட்ட உரிமை இல்லை, இரக்கப்பட்டுத் தருகிறோம் என்று அதற்கு அர்த்தம். நான்கு தலைமுறையாக வாழ்ந்த வீட்டுக்கு அதுதான் விலை.

போன இடம் யூனியாக் ஸ்கொயர், மல்கிரேவ் பார்க் போன்ற அரசுக் குடியிருப்புகள், அல்லது நகரத்து வாடகை வீடுகள். கிணற்றுத் தண்ணீர், மீன்பிடி, பக்கத்து வீட்டுக் கைமாற்று என்று ரொக்கம் அதிகம் தேவைப்படாத வாழ்க்கை போய், முதல் தேதி வாடகை, மின்கட்டணம் என்ற வாழ்க்கை வந்தது. வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் ஒரே கையெழுத்தில் வாடகைதாரர்கள் ஆனார்கள். அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல அவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

முதலில் நிலத்தைக் கிரயம் செய்துதானே வாங்கினார்கள்? பத்திரம் எப்படி இல்லாமல் போனது?

இரண்டு வழிகளில் போனது. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆஃப்ரிக்வில்லில் முதல் தலைமுறையிடம் பத்திரம் இருந்தது. ஆனால் தாத்தா உயில் எழுதாமல் இறப்பார். எழுதியிருந்தாலும் அதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கச் செலவாகும். 'இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு' என்று வாய்வார்த்தையாகவே பாகம் பிரித்தார்கள். ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. மூன்றாம் தலைமுறையில் ஆவணப்படி அந்த நிலம் இறந்துபோன ஒருவரின் பெயரில், முப்பது நாற்பது வாரிசுகளின் பிரிக்கப்படாத பங்காக நின்றது.

பிரெஸ்டன் போன்ற ஊர்களில் சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. அரசு அங்கே கறுப்பினக் குடும்பங்களுக்கு முழு உரிமைப் பத்திரம் தராமல் 'குடியிருப்பு அனுமதிச் சீட்டு' கொடுத்தது. வெள்ளையர்களுக்குப் பத்திரமும், பெரும்பாலும் பெரிய, விளையும் நிலமும் கிடைத்தன. சீட்டு வைத்திருப்பவர் அந்த நிலத்தில் வாழலாம். விற்கவோ, அடமானம் வைக்கவோ, சட்டப்படி வாரிசுக்குக் கொடுக்கவோ முடியாது. வங்கிக் கடன் கிடைக்காது, வீடு பழுதுபார்க்க அரசு மானியம் கிடைக்காது. 200 ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தக் குறை இன்னும் பல வீடுகளில் தீரவில்லை.

அந்தப் பத்திரங்களை இப்போது வாங்க முடியுமா? என்ன செய்ய வேண்டும்?

முடியும். 1963இல் வந்த நில உரிமைத் தெளிவுச் சட்டம் இதற்கென்றே உள்ளது. 54 ஆண்டுகள் அது சரியாக இயங்கவில்லை. 2017இல் மாகாண அரசு நார்த் பிரெஸ்டன், ஈஸ்ட் பிரெஸ்டன், செர்ரி புரூக், லிங்கன்வில், சன்னிவில் ஆகிய ஐந்து ஊர்களுக்கு நில உரிமைத் திட்டம் தொடங்கி, வழக்கறிஞர், நில அளவைச் செலவுகளை ஏற்றுக்கொண்டது. வேலை ஏறக்குறைய இப்படிப் போகும்.

முதலில் நிலத்தின் அடையாள எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். மாகாணத்தின் சொத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் 8 இலக்க எண் இருக்கிறது. வரி ரசீதில் இருப்பது அது அல்ல, வரி மதிப்பீட்டுக் கணக்கு எண். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மிகவும் சகஜமான தவறு. அதைவிடப் பெரிய தவறு, 'முப்பது வருஷமாக வரி கட்டுகிறோம், ஆகவே நிலம் எங்களுடையது' என்று நினைப்பது. வரி ரசீது அனுபவத்துக்குச் சாட்சி. அது உரிமை ஆகாது. ஆனாலும் ஒரு ரசீதைக்கூடத் தூக்கி எறியக் கூடாது.

அடுத்து வம்சாவளி. நிலம் யார் பெயரில் தொடங்கியது, அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் இருக்கிறார்கள், யார் எந்த ஆண்டு இறந்தார் என்று முழு மரத்தையும் எழுத வேண்டும். தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், நாளிதழின் மரண அறிவித்தல்கள், குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த பிறந்த தேதிகள் எல்லாம் இதற்கு உதவும். ஊர்ப் பெரியவர்களிடம் பிரமாணப் பத்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லையில் நின்ற ஸ்புரூஸ் மரம் எது, யாருடைய வேலி முதலில் வந்தது என்பதை அறிந்தவர் தொண்ணூறு வயதில் இருப்பார். அவர் போய்விட்டால் அந்தச் சாட்சியமும் போய்விடும்.

மூன்றாவது வாரிசுகளின் விடுதலைப் பத்திரம். டொராண்டோவிலும் பாஸ்டனிலும் இருக்கும் உறவினர்களிடம் 'எங்களுக்குப் பாத்தியதை வேண்டாம்' என்றோ, 'எங்கள் பங்கு இவ்வளவு' என்றோ எழுத்தில் வாங்க வேண்டும். அதிகம் இழுபடும் கட்டம் இதுதான். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் வேலை தாமதமாகலாம். முதல் கடிதத்திலேயே சட்ட மொழியில் எழுதினால் எதிரே இருப்பவர் பயந்துபோய்த் தன் வக்கீலிடம் போவார். முதலில் வீட்டு மனிதர் ஒருவர் போனில் பேசுவதே சரி.

பிறகு அளவை. இரண்டு வீட்டின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இந்த ஊர்களில் சாதாரணம். அண்டை வீட்டாரோடு எல்லை ஒப்பந்தம் எழுதினால் மாதங்கள் மிச்சமாகும். இதற்கெல்லாம் பிறகு மனு; முதலில் கோரிக்கைச் சான்றிதழ், பொது அறிவிப்பு, ஆட்சேபம் இல்லையென்றால் உரிமைச் சான்றிதழ். ஆட்சேபம் வந்தால் தீர்த்துவைக்க ஆணையர்களை நியமிக்க 2021இல் வந்த சட்டம் வழி செய்கிறது.

நில உரிமை பற்றிய 2020 தீர்ப்பு ஏன் முக்கியம்?

நார்த் பிரெஸ்டனில் ஒருவரின் மனுவை, 20 ஆண்டு எதிரிடை அனுபவத்தை நிரூபிக்கவில்லை என்று சொல்லி மாகாணத் துறை நிராகரித்தது. எதிரிடை அனுபவம் என்றால் வெளிப்படையாக, இடைவிடாமல், வேறு யாருக்கும் இடம் கொடாமல், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வைத்திருந்தது என்று காட்ட வேண்டும். கூட்டுக் குடும்ப நிலத்தில் இது நடக்கவே நடக்காது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தம்பியின் கொட்டகை, அத்தையின் தோட்டம் எல்லாம் கலந்திருக்கும். அண்ணன் சம்மதத்தோடு இருந்ததை 'எதிரிடை' என்று எப்படிச் சொல்வது? 2020 ஜூலையில் நோவா ஸ்கோஷியா உச்ச நீதிமன்றம், 1963 சட்டம் இந்தச் சோதனையைக் கேட்கவே இல்லை, துறை அதைக் கேட்டது நியாயமற்றது என்று முடிவு செய்தது. இந்த மக்களுக்கு நிலப் பத்திரம் இல்லாமற்போனதன் பின்னால் இருந்த இனவெறி வரலாற்றையும் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. முன்பு இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மனுவை மீண்டும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

நகரம் மன்னிப்புக் கேட்டுவிட்டதே? இன்னும் என்ன கேட்கிறார்கள்?

2010 பிப்ரவரி 24 அன்று மேயர் மன்னிப்புக் கேட்டார். 1983இல் தொடங்கிய ஆஃப்ரிக்வில் வம்சாவளிச் சங்கத்தோடு செய்த உடன்பாட்டில் 2.5 ஏக்கர் நிலமும், தேவாலயத்தை மறுபடி கட்ட 30 லட்சம் டாலரும் கொடுக்கப்பட்டன. சீவியூ பார்க் என்று மாற்றியிருந்த பெயர் 2011இல் மீண்டும் ஆஃப்ரிக்வில் ஆனது. தேவாலயத்தின் நகல் 2012இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2024இல் அடிமை வணிகத்தோடு தொடர்புள்ள நினைவிடமாக யுனெஸ்கோ இதை அங்கீகரித்தது.

தனி நபர் இழப்பீடு அந்த உடன்பாட்டில் இல்லை. அதனால் வம்சத்தாரிடையே அன்றே பிளவு வந்தது; ஒரு பகுதியினர் குழு வழக்காக, அதாவது பாதிக்கப்பட்ட எல்லார் சார்பிலும் ஒரே வழக்காக, கொண்டுபோனார்கள், 2018இல் நீதிமன்றம் அதைக் குழு வழக்காக ஏற்கவில்லை. ஊரைச் சேர்ந்த எடி கார்வரி 1970 முதல் பல பத்தாண்டுகள் அந்த நிலத்திலேயே கூடாரத்திலும் டிரெய்லரிலும் தங்கிப் போராடினார். 1960களில் வாங்கும்போது ஒவ்வொரு குடும்பமாகப் பிரித்துப் பேசிய நகரம், 2010இல் ஈடு செய்யும்போது எல்லாரையும் ஒரே சங்கமாகச் சேர்த்துப் பேசியது. இரண்டு முறையும் வசதி நகரத்துக்கே. அருங்காட்சியகம் தேவைதான், அதைக் கேட்டவர்களே இந்த மக்கள்தான். ஆனால் 500 டாலருக்குப் போன வீட்டின் கணக்கை அது தீர்க்கவில்லை.

கனடாவின் பத்து டாலர் நோட்டில் இருக்கும் பெண்மணி இந்த ஊரா?

இல்லை. வயோலா டெஸ்மண்ட் ஹாலிஃபாக்ஸின் வடபகுதியைச் சேர்ந்த அழகுநிலைய உரிமையாளர். 1946இல் நியூ கிளாஸ்கோ என்ற ஊரின் திரையரங்கில் வெள்ளையருக்கான கீழ்த்தள இருக்கையிலிருந்து எழ மறுத்ததால் கைதானார். இரு இருக்கைகளின் வரி வித்தியாசமான ஒரே ஒரு சென்ட்டைக் கட்டவில்லை என்பதே குற்றச்சாட்டு. 2018இல் வந்த நோட்டில் அவர் படத்துக்குப் பின்னால் மெல்லிய கோடுகளாகத் தெரிவது அந்த வடபகுதியின் தெரு வரைபடம்.

எப்படி அழைப்பது? எல்லாக் கறுப்பினத்தவரும் 'ஆஃப்ரிக்கன் நோவா ஸ்கோஷியன்' தானா?

இங்கே 200 ஆண்டுக்கு மேல் வேர் உள்ள குடும்பங்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அது. நைஜீரியாவிலிருந்தோ கரீபியனிலிருந்தோ அண்மையில் வந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் நாட்டுப் பெயரையே சொல்வார்கள். நிறவெறி இரு சாராரையும் ஒரே மாதிரி தாக்கும். நிலச் சிக்கல் முதல் சாராருக்கே உரியது. 'எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்' என்று ஏழு தலைமுறையாக இங்கே இருப்பவரைக் கேட்பது அவரை வருத்தும். 'எந்த ஊர்க்காரர்' என்று கேட்டால் பிரெஸ்டன், பீச்வில் என்று பெருமையோடு சொல்வார்.

தமிழில் எழுதும்போது 'கறுப்பின மக்கள்' என்பதே போதும். 'நீக்ரோ' பழைய பாடநூல்களோடு போகட்டும். 'காப்பிரி' என்பது இலங்கையில் ஒரு சிறு சமூகத்தின் பெயர். அதை வேறு நாட்டுக் கறுப்பினத்தவருக்குச் சூட்டுவது வசையாகிவிடும்.

போலீஸ் சோதனை பற்றி?

ஹாலிஃபாக்ஸில் கறுப்பினத்தவர் தெருவில் நிறுத்தி விசாரிக்கப்படுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு என்று 2019இல் வெளியான சுயாதீன ஆய்வு காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த நடைமுறை மாகாணம் முழுதும் தடை செய்யப்பட்டது. நவம்பரில் போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

இனி நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க என்ன வழி?

இப்போது அதிகம் பேசப்படுவது சமூக நில அறக்கட்டளை. அப்பர் ஹாமண்ட்ஸ் பிளெயின்ஸ் ஊரார் அந்த வழியில் போயிருக்கிறார்கள். மனை ஊர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், வீடு குடும்பத்தின் பெயரில் இருக்கும். மனையைக் குடும்பத்துக்கு நீண்ட குத்தகைக்கு, பொதுவாக 99 ஆண்டுகளுக்கு, விடுவார்கள். விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை அறக்கட்டளைக்கு. விலை ஒரு சூத்திரப்படி. உதாரணமாக 2,00,000 டாலருக்கு வாங்கிய வீட்டின் சந்தை மதிப்பு 3,00,000 ஆகிவிட்டது, சூத்திரம் ஏற்றத்தில் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவருக்கு 2,25,000 கிடைக்கும். அடுத்து வரும் குடும்பமும் அந்த விலைக்கே வாங்கும். ஊர் பணக்காரர்களின் கைக்குப் போகாது.

தவறும் இடங்கள் மூன்று. முதலாவது வங்கி: மனை இல்லாத வீட்டுக்கு அடமானக் கடன் தரத் தயங்கும். கடன் தவறினால் என்ன நடக்கும் என்ற விதியைக் குத்தகைப் பத்திரம் எழுதும் முன்பே வங்கியோடு பேசி முடிக்க வேண்டும். இரண்டாவது சொத்து வரி: மதிப்பீட்டாளர் சூத்திர விலையைப் பார்க்காமல் சந்தை விலைக்கு வரி போடுவார். நகராட்சியிடம் முன்கூட்டியே எழுத்தில் தீர்வு வாங்காவிட்டால் மலிவு வீடு மலிவாக இருக்காது. மூன்றாவது நிர்வாகம். குடியிருப்பவர், சுற்று ஊரார், துறை அறிந்தவர் என்று மூன்று பங்காக நிர்வாகக் குழு அமைப்பது நல்ல வழக்கம். நான்கைந்து தன்னார்வலர்கள் தலையிலேயே எல்லாம் விழுந்தால் இரண்டு வருடத்தில் கணக்கு எழுதவும் ஆள் இருக்காது. ஒரு பகுதிநேர ஊழியருக்காவது சம்பளப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் மனையை ஏற்க வேண்டும்.

வான்கூவரில் ஹோகன்ஸ் ஆலி என்ற கறுப்பினக் குடியிருப்பு 1970 வாக்கில் ஜார்ஜியா மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்டது. அதே மண்ணை நீண்டகாலக் குத்தகையில் திரும்பப் பெற அங்குள்ள சங்கம் 2022இல் நகரத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. குத்தகைதான், கிரயம் அல்ல.

ஆஃப்ரிக்வில்லை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். அருங்காட்சியகத்தின் முகவரி 5795, ஆஃப்ரிக்வில் சாலை. குளிர்கால நேரங்கள் மாறும் என்பதால் கேட்டுவிட்டுப் போங்கள். 1970இல் திறந்த மக்கே பாலம் ஊர் இருந்த இடத்தை ஒட்டிப் போகிறது. வண்டிகளின் இரைச்சல் ஓயாது. புல்வெளியில் நினைவுக்கல் ஒன்றில் முதல் குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. ஜூலை மாதம் வம்சத்தார் ஒன்றுகூடும் நாட்களில் போனால், பூங்கா முழுதும் கூடாரங்கள் முளைத்திருக்கும். பல குடும்பங்கள் தங்கள் பழைய வீடு நின்ற இடத்திலேயே கூடாரம் அடிக்கும். அந்த நாட்களில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். அது அவர்கள் வீட்டு முற்றம்.